மானியம் தேடிப் போன மவுஸ்: வேலை பார்க்கும் இடத்தில் ஈ-ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட அரசு பணம் தருமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், பிள்ளைகள் புராஜெக்ட் செய்கிறார்கள். இதெல்லாம் செல்போனிலேயே முடிகிறதே, கம்ப்யூட்டர் எதற்கு?" அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. செல்போனில் பார்த்து 4,999 ரூபாயை இழந்த கதையும், அதையே கம்ப்யூட்டரில் பார்த்திருந்தால் எப்படித் தப்பித்திருக்கலாம் என்பதும் இதில் இருக்கிறது. இழந்தவர் என் மாமா. இழக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அருப்புக்கோட்டையில் மாமா விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறார். முன்பக்கம் சின்ன ஆபீஸ் அறை, பின்னால் தறிகள். வேலைக்கு வருபவர்களில் ஆறு பேர் இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து ஒருவர் வாங்க, அவரைப் பார்த்து மற்றவர்கள் வாங்கியது. இவர்களில் மூன்று பேர் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். அந்தப் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: கரிசல் காடு, வறண்ட கண்மாய், சீமைக்கருவேலம், வெயில். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழியை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

தார் சுற்றும் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் 22 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறார். அவருடையது பழைய பேட்டரி வண்டி. புதிதில் 60 கிலோமீட்டர் ஓடியது, இப்போது முப்பதைத் தாண்டுவதில்லை. வந்துவிடலாம், ஆனால் சார்ஜ் போடாமல் வீடு திரும்ப முடியாது. எனவே கூடத்தின் மூலையில் இருந்த சுவிட்ச் போர்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, மூன்று நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் கருகிய நாற்றம் வந்தது. பாக்ஸ் உருகி, பிளக் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சுத் தூசி பறக்கும் இடம், பக்கத்தில் பாவு நூல். தீப்பிடிக்காதது அதிர்ஷ்டம்தான். மாமா அன்றைக்கே ஓர் அட்டையில் "இங்கு வண்டிக்கு சார்ஜ் போடக் கூடாது" என்று எழுதி மாட்டிவிட்டார். அந்த அக்கா சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "அப்ப நான் எப்படி அண்ணாச்சி வேலைக்கு வர்றது?" என்று கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை.

அந்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் அந்தத் தகவல் வந்தது.

நூறு சதவீத மானியம்!

"மத்திய அரசின் புதிய திட்டம். உங்கள் பணியிடத்தில் சார்ஜிங் பாயின்ட் அமைக்க 100 சதவீத மானியம். பதிவுக் கட்டணம் 4,999 மட்டும். முந்துங்கள்!" கீழே ஒரு லிங்க். மேலே சிங்க முத்திரை. மாமா எனக்கு ஃபார்வர்டு செய்து, "மாப்ளே, இது நெசந்தானா? பாத்துச் சொல்லு" என்றார். நான் மதுரையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் மீட்டிங்கில் இருந்தேன். மேஜைக்குக் கீழே செல்போனைத் திறந்து லிங்க்கைத் தட்டினேன். பிரதமர் படம், பூட்டுச் சின்னம், திட்டத்தின் பெயர் 'பிஎம் ஈ-டிரைவ்' என்று இருந்தது. அப்படி ஒரு திட்டம் இருப்பது எனக்குத் தெரியும். "நெசம் மாதிரிதான் தெரியுது மாமா" என்று பதில் அனுப்பினேன். நான் செய்த தவறு இந்த ஒரு வரிதான். மாமா அன்று இரவே பணம் கட்டிவிட்டார். மூன்றாம் நாள், "ஜிஎஸ்டி முன்பணம் 18,000 கட்டினால் மெஷின் அனுப்பப்படும்" என்று ஒருவர் போன் செய்தபோதுதான் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை ஊருக்கு வந்து, மாமாவின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம்.

முதலில் அந்த லிங்க்கின் முகவரி. செல்போனில் பிரவுசர் முகவரியைப் பாதிதான் காட்டும், சில நேரம் மறைத்தே விடும். கம்ப்யூட்டரில் அட்ரஸ் பார் நீளமாக இருக்கிறது, முழுதாகப் படிக்கலாம். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வலைத்தள முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அங்கே 'ஜிஓவி.இன்' என்று முடிந்தால் அது அரசுத் தளம். அந்த முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே ஒதுக்குகிறார்கள். மாமாவுக்கு வந்த முகவரியிலும் 'ஜிஓவி' இருந்தது. ஆனால் நடுவில், ஒரு சிறு கோட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் இருந்தது வேறு எதுவோ. வீட்டு வாசலில் 'கலெக்டர்' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டால் கலெக்டர் ஆகிவிட முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

பூட்டுச் சின்னத்தை நம்பியதும் தவறு. உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே பூட்டு சொல்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்வதில்லை. திருடனிடம் ரகசியமாகப் பேசினாலும் பூட்டு வரும்.

உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்தோம். இணைய மோசடியில் பணம் போனால் புகார் சொல்வதற்கான தேசிய உதவி எண் இது. எழுதி கம்ப்யூட்டர் மேஜையில் ஒட்டி வையுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால், அது கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் கூப்பிட்டது நான்காம் நாள். மாமாவின் பணம் இதுவரை வரவில்லை.

உண்மையான உத்தரவு என்ன சொல்கிறது?

மோசடி என்று தெரிந்ததும் மாமா, "அப்ப மானியமே கிடையாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஏமாற்றுபவர்கள் சொன்னது பொய் என்பதால் திட்டமே பொய் என்று ஆகிவிடாது. மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் தளத்துக்குப் போய், உத்தரவின் பிடிஎஃப் ஃபைல்களை டவுன்லோட் செய்து, டெஸ்க்டாப்பில் 'சார்ஜிங்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுபவர்கள் அரசு பிடிஎஃப்பைத் திறந்ததும் பயந்துவிடுவார்கள். கெசட் அறிவிப்புகளில் முதல் பாதி இந்தியில் இருக்கும். மூடிவிடாதீர்கள், கீழே போனால் ஆங்கிலம் வரும். முழுவதையும் படிக்கவும் வேண்டாம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் கீயைத் தட்டினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் வேண்டிய சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால், அந்தச் சொல் இருக்கும் இடத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரே கூட்டிப்போகும். சில பிடிஎஃப்களில் எதைத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அது தாளை ஸ்கேன் செய்து போட்ட ஃபைல் என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு அது எழுத்து அல்ல, வெறும் போட்டோ. அப்போது கண்ணால்தான் தேட வேண்டும்.

நான் '100' என்று தேடினேன். கிடைத்தது! வாட்ஸ்அப்காரர்கள் அந்த எண்ணைக் கற்பனை செய்யவில்லை. 2025 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதலில் உண்மையிலேயே 100 சதவீதம் இருக்கிறது. ஆனால் அட்டவணையில் அந்த வரிசையின் இடது ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அரசு அலுவலகங்கள், அரசுக் குடியிருப்புகள், அரசு மருத்துவமனைகள், அரசுக் கல்வி நிறுவனங்கள். அவையும் பொதுமக்கள் யார் வந்தாலும் தடையில்லாமல் பயன்படுத்த அனுமதித்தால்தான். ரயில் நிலையம், விமான நிலையம், பஸ் நிலையம், பெட்ரோல் பங்க், டோல்கேட் போன்ற இடங்களுக்கு, மின்சாரம் கொண்டுவரும் ஏற்பாட்டுச் செலவில் 80 சதவீதமும் சார்ஜர் கருவியின் விலையில் 70 சதவீதமும் கிடைக்கும். மின்சாரம் கொண்டுவரும் ஏற்பாடு என்றால் டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், மீட்டர் பெட்டி முதலியவை. மால், மார்க்கெட், தெருவோரம் போன்றவற்றுக்கு இந்த ஏற்பாட்டில் 80 சதவீதம் மட்டும், கருவிக்குக் கிடையாது.

இன்னொன்றையும் கவனித்தேன். தனி ஆள் யாரும் நேரடியாக அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க இந்தத் திட்டத்தில் வழியே இல்லை. மாநில அரசு நியமிக்கும் முகமை, மத்திய அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவைதான் தேவையைத் திரட்டி அனுப்ப வேண்டும். பணமும் இரண்டு தவணையாக அவர்கள் வழியாகத்தான் வரும். எனவே "பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று உங்களுக்குத் தனியாக யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்தத் திட்டத்தின் அளவையும் பார்த்துவிடுவோம். இதற்கு முன்பிருந்த 'ஃபேம்-2' திட்டம் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. அதில் 2023ல் மூன்று எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகளில் 7,432 வேக சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 800 கோடி ஒதுக்கப்பட்டது. 'பிஎம் ஈ-டிரைவ்' 2024 அக்டோபர் 1ல் தொடங்கியது. மொத்தம் 10,900 கோடி, அதில் 2,000 கோடி சார்ஜிங்குக்கு. கார்களுக்கு 22,100, பஸ்களுக்கு 1,800, இருசக்கர மற்றும் மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 சார்ஜர்கள் இலக்கு. இருசக்கர வண்டிகளுக்கு எண்ணிக்கை அதிகம்தான், ஆனால் எல்லாம் பொது இடங்களில். தமிழக அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையிலும் 25 சதவீத மூலதன மானியம் உண்டு. அதுவும் பொது சார்ஜிங் நிலையங்களை மனதில் வைத்ததுதான். அதில் மின்வாகன நகரங்களாகப் பெயர் சொல்லப்பட்டவை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டை இருக்கிறது. அந்தச் சாலையின் கடைசியில், தூத்துக்குடியில், 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலையே திறந்துவிட்டார்கள். ஆனால் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தறிக்கூடத்தில் உருகிப் போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

வேலை பார்க்கும் இடத்துக்கென்றே மானியம் கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2016ல் இதற்கென்றே தனித் திட்டம் தொடங்கினார்கள். செலவில் முக்கால் பங்கு, ஒரு சாக்கெட்டுக்கு 350 பவுண்டு உச்சவரம்பு, ஒரு நிறுவனத்துக்கு 40 சாக்கெட் வரை என்று பல ஆண்டுகள் நடந்தது. விண்ணப்பித்தவருக்கு ஒரு வவுச்சர் எண்தான் வரும். அனுமதி பெற்ற எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்து, அந்த எண்ணைக் காட்டி அரசிடம் பணம் வாங்கிக்கொள்வார். நம் நாட்டில் டில்லி அரசு 2020 ஆகஸ்ட் கொள்கையில் வீடு, அலுவலகம் எதுவானாலும் முதல் 30,000 பாயின்ட்டுகளுக்கு, பாயின்ட்டுக்கு 6,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. 2021ல் நூறு வண்டிகளுக்கு மேல் நிறுத்தும் கட்டடங்கள் 5 சதவீத இடத்தை சார்ஜிங்குக்கு ஒதுக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. மானியம் போக, சின்ன வண்டிகளுக்கான பாயின்ட் 2,500 ரூபாயிலிருந்தே அங்கே கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் கார் சார்ஜர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வேக சார்ஜருக்கு ஆகும் பணத்தில், எங்கள் பக்கம் எத்தனை தறிக்கூடங்களுக்கு டில்லி மாதிரி ஆறாயிரம் ஆறாயிரமாகக் கொடுக்கலாம் என்று மனக்கணக்கு ஓடியது. மாமா அதைவிட நடைமுறையாக யோசிப்பவர். "சரி மாப்ளே, அவங்க தரல. நம்மளே போட்டா எவ்வளவு ஆகும்?" என்றார்.

எந்த மீட்டரில் செருகுவது?

இந்த இடத்தில் எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் எனக்கு ஆசிரியர். இன்ஜினீயரிங் காலேஜில் யாரும் சொல்லித்தராத விஷயம் இது. உருகிய அந்த சாக்கெட் தறி சர்வீஸில் இருந்தது. விசைத்தறிக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசமாகத் தருகிறது. 2023ல்தான் அதை 750லிருந்து உயர்த்தினார்கள். அந்தச் சலுகை தறி ஓட்டுவதற்கு. அதில் ஸ்கூட்டரைச் செருகினால், அனுமதித்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்கு மின்சாரம் பயன்படுத்தியதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. 2003ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் பிரிவு 126ஐ டவுன்லோட் செய்து படித்தேன். எப்போதிலிருந்து அப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கலாம். பாக்ஸ் உருகியது ஒருவகையில் நல்லதற்குத்தான் என்று மாமாவே சொல்லிவிட்டார்.

ஆபீஸ் அறைக்குத் தனி சர்வீஸ், வணிகக் கட்டணம். அதில் போடலாம். வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்த வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரி வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. தனி மீட்டர் வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்டு வாங்கலாம். புதிய இணைப்பு தர நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள் என்று கெடு. அருப்புக்கோட்டை நகராட்சி, எனவே 7 நாள். திருச்சுழியில் கேட்டால் 15 நாள். லைன் இழுக்க வேண்டியிருந்தால் கூடுதலாகும்.

மாமாவுக்கு இன்னொரு பயம் இருந்தது. ஆட்களிடம் கரண்ட்டுக்கு என்று காசு வாங்கினால் லைசென்ஸ் இல்லாமல் மின்சாரம் விற்ற குற்றம் ஆகிவிடுமோ? ஆகாது. சார்ஜ் போட்டுக் கொடுப்பது சேவை, மின்சார விற்பனை அல்ல என்று மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

எக்செல்லில் ஆறு வரிசை

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு உண்மையான வேலை. எக்செல் திறந்துகொள்ளுங்கள். எக்செல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் காலத்தில் ஆளின் பெயர். இரண்டாவதில், வீட்டிலிருந்து வரும் தூரம். வரும்போது செலவானதை இங்கே நிரப்பினால் போதும், போகும்போது ஆகும் செலவை அவர் வீட்டில் நிரப்பிக்கொள்வார். மூன்றாவது காலத்தில் ஃபார்முலா. சாதாரண ஈ-ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 35 வாட்-அவர், அதாவது 0.035 யூனிட் சாப்பிடும் என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகப் போவதைக் கழிக்க 0.88ஆல் வகுக்க வேண்டும். எனவே மூன்றாவது காலத்தில் சமக்குறி போட்டு, தூரம் இருக்கும் செல்லை மவுஸால் கிளிக் செய்து, அதை 0.035ஆல் பெருக்கி 0.88ஆல் வகுக்கும்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்கு சாய்கோடு. பிறகு அந்த செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற ஐந்து வரிசைகளுக்கும் கணக்கு தானாகவே வந்துவிடும். முதல்முறை இதைப் பார்த்த மாமா, "இன்னொரு வாட்டி இழு" என்றார்.

ஆறு பேரின் தூரம் 22, 18, 18, 9, 6, 5. கூட்டினால் 78 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 3.1 யூனிட். மாதம் 26 வேலை நாள் என்றால் 81 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 810 ரூபாய் (உங்கள் பில்லில் இருக்கும் கட்டணத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஆறு பேருக்கும் சேர்த்து! மாமா நம்பவில்லை. நான்கைந்தாயிரம் ஏறும் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். "டீக்கே இதவிட ஆகுதே" என்றார்.

அடுத்தது லோடு. ஒவ்வொரு சார்ஜரின் அடியிலும் ஸ்டிக்கர் இருக்கும். அதில் இன்புட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், அவுட்புட்டை அல்ல. எங்களிடம் இருந்ததில் பெரியது 750 வாட். ஆறையும் ஒரே நேரத்தில் போட்டால் 4,500 வாட். ஆபீஸ் சர்வீஸில் அனுமதித்த லோடு 3 கிலோவாட்தான். கூடுதல் லோடு கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் தேவைப்படவில்லை. வண்டிகள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை சும்மா நிற்கின்றனவே! காலையில் மூன்று, சாப்பாட்டு நேரத்தில் மாற்றி மூன்று. மூன்று சாக்கெட் போதும். 2,250 வாட், அதற்குமேல் ஃபேன், லைட், கம்ப்யூட்டர் எல்லாம் அடங்கிவிடும்.

வேலை பார்க்கும் இடத்தில் சார்ஜ் போடுவதன் அருமை இதில்தான் இருக்கிறது. அவசரமே இல்லை. வேக சார்ஜர், லட்சக்கணக்கில் செலவு எதுவும் வேண்டாம். அதுவும் பகலில், வெயில் நேரத்தில். திருச்சுழியைத் தாண்டிக் கமுதிப் பக்கம் போனால் 2016ல் அமைத்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. பகலில் அப்படிக் கிடைக்கும் மின்சாரத்தை உடனே பயன்படுத்த, பகலெல்லாம் நிழலில் நிற்கும் ஸ்கூட்டரைவிடப் பொருத்தமானது எது? பொது சார்ஜிங் நிலையங்களுக்கு காலை 9 முதல் மாலை 4 வரை கட்டணத்தைக் குறைவாக வைக்கச் சொல்லி மத்திய அரசின் 2024 வழிகாட்டுதலே சொல்கிறது. கூரையில் நாமே சோலார் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் வீடுகளுக்கு மட்டும். தறிக்கூடத்துக்குக் கிடையாது. இங்கேயும் பாருங்கள், விண்ணப்பிக்கும் முன் இடது ஓரக் கட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

சாக்கெட்டுக்கு வருகிறேன். சின்ன வண்டிகளுக்கென்றே 3,500 ரூபாய் விலையில் சார்ஜ் பாயின்ட் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2021ல் ஒரு தரத்தையே வெளியிட்டது. செல்போனால் இயக்கலாம், யார் எவ்வளவு ஏற்றினார் என்று கணக்கும் வரும். எங்களுக்கு ஆறு பேர்தான் என்பதால் அந்த அளவுக்குப் போகவில்லை. தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர், மூன்று 16 ஆம்பியர் சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஓர் எம்சிபி, எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, கடைசியில் ஒரு சப்-மீட்டர். பஞ்சுத் தூசி படாமல் கூடத்துக்கு வெளியே, தகரக் கூரைக்கு அடியில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற பேச்சே இல்லை. வெயிலில் ஓட்டி வந்த வண்டியைச் சிறிது நேரம் ஆறவிட்டு, பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஆர்சிசிபி வேண்டுமா, ஆயிரத்து ஐநூறு ரூபாய் தண்டமா என்று மாமா இழுத்தார். வயர் உரசி வண்டியின் உடம்பில் கரண்ட் வந்தால், தொட்டவர் உயிர் போவதற்குள் சப்ளையைத் துண்டிப்பது இதுதான். இதில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மண் அப்படி. கரிசல் மண் மழையில் ஊதி, கோடையில் சுருங்கி வெடித்துவிடும். பழைய எர்த் கம்பியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக உள்ளே வாங்காது, எர்த் இருந்தும் இல்லாததுபோல்தான். புதிதாக ஒரு குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, குழாய் வைத்து மூடினார் எலெக்ட்ரீஷியன் அண்ணன். கோடையில் வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். குடிக்கவே தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் எர்த்துக்கு ஒரு குடமா என்று கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது கை கழுவும் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறோம்.

எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 14,600 ரூபாய். வாட்ஸ்அப்காரனுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் 19,599 என்று மாமா எனக்கு அடிக்கடி நினைவூட்டுகிறார். அட்டையை எடுத்துவிட்டார். அக்கா காலையில் முதல் சாக்கெட்டில் செருகிவிடுகிறார். அவர் வண்டிதான் தூரத்திலிருந்து வருவது என்பதால் அந்த இடம் அவருக்கு என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

முதல் மாதம் முடிந்து சப்-மீட்டரைப் பார்த்தோம். 94 யூனிட். எக்செல் சொன்னது 81. "உன் கம்ப்யூட்டர் பதிமூணு யூனிட்ட முழுங்கிருச்சு" என்றார் மாமா. இரண்டு பேர் சில நாள் வீட்டில் போடாமல் இங்கேயே முழுதாக ஏற்றியிருக்கிறார்கள், விசாரித்ததில் ஒப்புக்கொண்டார்கள். அக்காவின் பழைய பேட்டரி லெட்-ஆசிட் வகை. அதற்கு 0.88 பொருந்தாது, வீணாவது அதிகம். அவர் வரிசையில் மட்டும் 0.7 என்று மாற்றினேன். அவருக்கு மட்டும் மாதம் 6 யூனிட் கூடியது. மீதி ஏழையும் அந்த இரண்டு பேர் கணக்கில் எழுதி, ஃபைலை சேவ் செய்து, "அடுத்த மாசம் நீங்களே போடுங்க" என்று மாமாவிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.